ஊரிவெளியில் சிவந்த இடம்

ஆலங்குடாவில் அக்கீலாவைத் தெரியாத வீடு குறைவு. அவள் பெரிய ஆள் என்பதால் அல்ல. ஏதோவொரு காலத்தில் ஏதோவொரு படிவத்தோடு எல்லா வீட்டுப் படலையிலும் போய் நின்றிருக்கிறாள். டெங்குக் கணக்கு, மலசலகூடக் கணக்கு, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் கணக்கு, இடம்பெயர்ந்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறார்களா என்ற கணக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்கு வேலை இதுதான். ஒரு திட்டம் ஆறு மாதம் நடக்கும், ஒன்றரை வருஷம் நடக்கும், பிறகு முடிந்துவிடும். அடுத்தது வரும்வரை வீட்டு முற்றத்தில் கருவாடு தரம் பிரிப்பாள்.

அவளையும் எண்ணியிருக்கிறார்கள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. கரையில் நின்ற ஒருவர் இறங்கியவர்களின் தலையை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டு எண்ணினார். அவள் பதினேழாவது தலை. அதன் பிறகு நிவாரண அட்டைக்கு, கொட்டிலுக்கு, கிடுகுக்கு, அரிசிக்கு என்று எண்ணப்பட்டே வளர்ந்தாள். கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்தவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அவள் யாரையும் அவசரப்படுத்திக் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு வயதில், முழங்கால் இரண்டும் வீங்கத் தொடங்கிய பிறகு, மனிதர்களிடம் எதுவும் கேட்கத் தேவையில்லாத ஒரு வேலை வந்தது. கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கற்பிட்டிக் குடாநாட்டில் களப்பு என்ற கடலேரியின் ஓரமாக இருக்கும் மேய்ச்சல் தரைகளைச் செய்மதி மூலம் கண்காணிக்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை செய்மதி மேலே போகும். அது எடுக்கும் படத்தில் புல் எங்கே செழித்திருக்கிறது, எங்கே தேய்ந்து போகிறது என்று தெரியும். எந்த வெளியில் மாடுகள் அளவுக்கு மீறி மேய்கின்றன என்று அதிலிருந்து கணிப்பார்கள். படம் சொல்வது சரிதானா என்று தரையில் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

மூன்று வெளிகள், வெளிக்கு எட்டாக இருபத்துநான்கு இடங்கள். மாதத்தில் இரண்டு தடவை அத்தனைக்கும் போகவேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்த அரை மீற்றர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் நிற்கும் புல்லைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, கடதாசிப் பைக்குள் போட்டு, பையில் இலக்கம் எழுதவேண்டும். பத்து அடி சுற்றுவட்டத்தில் கிடக்கும் சாணத்தை எண்ணவேண்டும். எல்லாவற்றையும் போனில் இருக்கும் படிவத்தில் பதிந்து அனுப்பவேண்டும். வீட்டுக்கு வந்து புல்லை வெயிலில் உலர்த்தி நிறுக்கவேண்டும்.

கண்டக்குழியில் ஒரு சுற்றுலா விடுதிக்குக் காவலுக்குப் போகும் அவளுடைய கணவன் சுஹைர், முதல் நாள் அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்து, “புல்லுக்கு முடிவெட்டப் போறியா?” என்று கேட்டான். அவளும் சிரித்தாள். கச்சான் காற்று தொடங்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை அந்தக் காற்று நிற்பதில்லை. மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். வெட்டிய புல்லைப் பைக்குள் போடுமுன் பறித்துக்கொண்டு போகும். குந்தியிருந்து வெட்டிவிட்டு எழும்பும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் எழும்பவேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குந்தி, எட்டுத் தடவை எழும்பினால், அன்றைக்கு இராச்சாப்பாடு சமைக்கத் தெம்பு இருக்காது.

ஆனாலும் வேலையைக் கற்றுக்கொண்டாள். மாட்டுச் சாணம் எது, யாருக்கும் உரிமையில்லாமல் திரியும் கழுதைகளின் விட்டை எது என்று காய்ந்து தூளான பிறகும் சொல்ல முடிந்தது. மாடு கடித்த புல்லின் நுனி கிழிந்திருக்கும், ஆடு கடித்தது அடியோடு போயிருக்கும் என்று தெரிந்துகொண்டாள். படிவத்தின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண்களில் அடங்காதவற்றை அதில் எழுதினாள்.

மூன்றில் பெரியது ஊரிவெளி. மண்ணைக் காலால் கிளறினால் ஊரியும் சிப்பியும் வரும் என்பதால் அந்தப் பெயர். அங்கே மேய்பவை பெரும்பாலும் உசனாரின் மாடுகள். அவருக்கு அறுபத்தைந்து வயது. அவரும் தொண்ணூறில் வெறுங்கையோடு வந்தவர். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, ஒரு பசுக்கன்று வாங்கி, அதிலிருந்து அறுபத்திரண்டு மாடுள்ள பட்டியை உண்டாக்கியவர். அவளை முதன்முதலாக வெளியில் கண்டபோது குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன புள்ள செய்றா?”

“மேலருந்து செய்மதியில படம் எடுக்குறாங்க மாமா. அது சரியா எண்டு நான் கீழ பார்க்குறேன்.”

“மேல இருக்கிறவனுக்கு என்ட மாட்டுல என்ன வேலை?”

“மாட்ட இல்ல. புல்லத்தான் பார்க்குறாங்க.”

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் வரும் நாட்களில், குத்துகிற காளை ஒன்றை மட்டும் தூரமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

முதல் வருஷம் ஓகஸ்ட் மாதத்தில் ஊரிவெளியின் தெற்குப் பக்கத்தில் ஏதோ மாறுவதை அக்கீலா கவனித்தாள். அங்கேயுள்ள மூன்று இடங்களில் அறுகம்புல் வெளுத்து, தொட்டால் உதிர்ந்தது. அடுத்த மாதம் அதற்குப் பதிலாக உமரி முளைத்திருந்தது. தண்டில் உப்புத் தண்ணீர் ஊறி நிற்கும் பூண்டு அது. வெயில் ஏற ஏற இரத்தச் சிவப்பாகும். மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. சாணத்தைத் தேடினாள், ஒன்றும் இல்லை. மாடுகள் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தன.

தெற்கே நடந்து போய்ப் பார்த்தாள். வெளியின் தண்ணீர் களப்புக்கு வடிந்து போகும் மதகு மண்மூட்டையால் அடைபட்டிருந்தது. அதற்கப்பால் புதிதாக ஓர் இறால் பண்ணைக்குப் பாதை போட்டிருந்தார்கள். பண்ணையிலிருந்து வெளியேறும் உப்புத் தண்ணீர், போக வழியில்லாமல், இந்தப் பக்கம் ஊறிக்கொண்டிருந்தது. அக்கீலா அன்றைக்குக் குறிப்பில் நீளமாக எழுதினாள். அடுத்த தடவையும் எழுதினாள். அதற்கடுத்த தடவையும். ஒவ்வொரு தடவையும் போனில் பச்சை நிறத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது.

ஒரு வருஷம் போனது. பிரதேச செயலகத்தில் கூட்டம் என்று அழைத்தார்கள். மாட்டுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மிருக வைத்தியர், கிராம சேவகர்கள், கொழும்பிலிருந்து வந்த றொமேஷ். சிலாபத்துப் பிள்ளை. முப்பது வயதுக்குள் இருக்கும். செய்மதிப் படங்களை வாசிப்பது அவனுடைய வேலை. அக்கீலாவோடு போனில் எத்தனையோ தடவை கதைத்திருக்கிறான். நேரில் கண்டது அன்றைக்குத்தான்.

சுவரில் படத்தைப் போட்டார்கள். புல் தேய்ந்த இடத்துக்குச் சிவப்பு நிறம். ஊரிவெளியின் பாதி சிவப்பாக இருந்தது. பதினைந்து மாதப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபோது சிவப்பு தெற்கிலிருந்து மேலே மேலே ஏறி வந்தது. தரையில் எடுத்த சாணக் கணக்கும் அதையே உறுதிப்படுத்துவதாக றொமேஷ் சொன்னான். அந்த வெளி தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு மாடு மேய்கிறது என்றான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, அப்படியானால் வெளியை இரண்டு வருஷத்துக்குக் கம்பி வேலியடித்து மூடத்தான் வேண்டும் என்றார். உசனார் மட்டும் எழும்பி நின்றார். நின்றவர் மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டார்.

அக்கீலா கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். படத்தில் சிவந்திருந்த இடம் எது என்று அந்த மண்டபத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கையை உயர்த்தியிருக்கலாம். ஏன் உயர்த்தவில்லை என்று பிற்பாடு பல நாள் யோசித்தாள். பயம் இல்லை. அவள் எழுதியதை எல்லாம் வாசித்துவிட்டுத்தான், எல்லாவற்றையும் அறிந்துதான், அவர்கள் இப்படி முடிவெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு அவளைக் கதிரையோடு அமுக்கியது. இருபது வருஷமாக எழுதிக் கொடுத்த எல்லாப் படிவங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றியது.

வெளியே வந்தபோது உசனார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நீ புல்லத்தான் பார்க்குறேண்டு சொன்னா,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “கடைசியில என்ட மாட்டத்தானே எண்ணிக் குடுத்திருக்கா.”

அவள் வாயைத் திறக்குமுன் அவர் போய்விட்டார்.

தேநீர் கொடுத்த இடத்தில் றொமேஷ் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு நின்றான். அக்கீலா போய் அவனருகில் நின்றாள்.

“தம்பி, தெற்குப் பக்கத்துல மாடே இல்ல. உப்பால செத்த புல் அது. நான் மாசாமாசம் எழுதினேன்தானே?”

“எங்க அக்கா எழுதினீங்க?”

“குறிப்பில.”

அவன் பிஸ்கட்டை வாயில் வைக்காமல் நின்றான். “குறிப்பு எங்களுக்கு வாறல்லக்கா,” என்றான் மெதுவாக. “சிக்னல் இல்லாத இடத்துல அனுப்பக் கஷ்டமா இருக்கும் எண்டு எழுத்தெல்லாம் போனிலயே நிக்கிற மாதிரித்தான் செஞ்சிருக்கு. நம்பர் மட்டும்தான் வரும்.”

“நம்பரிலயும் இருக்குமே. தெற்கால மூணு இடத்துலயும் சாணம் பூச்சியம்.”

“எட்டு இடத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தோம்.”

பஸ்ஸில் வரும்போது யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கால் மட்டும் விண்விண்ணென்று வலித்தது. வீட்டுக்கு வந்து சுஹைரிடம் சொன்னபோது அவன், “அப்ப அவ்வளவு நாளும் உன்ட போனுக்கே கடிதம் எழுதியிருக்கா,” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்ததால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம், லுஹர் தொழுதுவிட்டு வந்து, போனை எடுத்துக் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தாள். எழுபதுக்கு மேல் இருந்தன. ‘இன்று கழுதை ஆறு. மாடு இல்லை.’ ‘மண் வெள்ளை. காலில் ஒட்டுகிறது.’ ‘மதகில் மூட்டை இன்னும் இருக்கிறது.’ தன்னுடைய எழுத்தை யாரோ ஒரு பெண் எழுதியது போல வாசித்தாள். அந்தப் பெண் கவனமாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று பட்டது. ஒவ்வொன்றையும் படமெடுத்து றொமேஷுக்கு அனுப்பினாள். எல்லாவற்றையும் அனுப்பி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கடைசியில் குரலில் ஒரு செய்தி வைத்தாள். “தம்பி, ஒருக்கா வந்து பாருங்க. நீங்க இன்னும் அந்த வெளியக் காணவேயில்லையே.”

பத்து நாள் கழித்து அவன் வந்தான். பளபளக்கும் சப்பாத்தோடு வந்தான். தெற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது சப்பாத்தின் மேல் உப்புச் சேறு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. காற்றில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. பதினைந்து மாதமாகத் தான் திரையில் பார்த்த சிவப்பு இதுதான் என்று அவனுக்கு விளங்கியபோது, குந்தி ஓர் உமரித் தண்டை ஒடித்துப் பார்த்தான். ஒரு சாணமாவது கிடக்கிறதா என்று தானே நடந்து தேடினான். பிறகு மதகடிக்குப் போய் மூட்டைகளையும் படமெடுத்தான்.

“தேய்ஞ்ச புல்லும் செத்த புல்லும் எனக்கு மேலருந்து ஒரே மாதிரித்தான் அக்கா,” என்றான் திரும்பி வரும்போது.

“வடக்கால வேற மாதிரி,” என்றாள் அக்கீலா. “அதையும் பாருங்க. அங்க மாடு கூடத்தான். இங்க வர ஏலாம எல்லாம் அங்க போய் நிக்குது. புல் ஒரு விரல் கூட இல்ல.”

உசனாருக்காகப் பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. உள்ளதைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்ற கணக்கும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதைத் தவிர வேறு எதற்கும் அவளிடம் சக்தி மிஞ்சியிருக்கவில்லை.

றொமேஷ் நேர்மையான பிள்ளை. கொழும்புக்குத் திரும்பிய வாரத்திலேயே அறிக்கையைத் திருத்தி எழுதத் தொடங்கினான். ஆனால் திருத்தம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக மூன்று மாதம் எடுத்தது. அதற்குள் வேலிக்கான சிமெந்துத் தூண்கள் லொறியில் வந்து இறங்கின. தூண்களைக் கண்ட அன்றைக்கே உசனார் புத்தளத்திலிருந்து மாட்டு வியாபாரியை வரச்சொன்னார். இருபத்துமூன்று மாடுகளை ஏற்றினார்கள். அதில் பதினொன்று சினைப்பசுக்கள். அக்கீலா அன்றைக்கு வடக்குப் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். லொறிக்குள் ஏற மறுத்த ஒரு பசுவின் வாலை இருவர் முறுக்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். ‘திருத்தம் வருது, கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு தடவையும் அவருடைய மனைவி படலையடியில் நின்றே, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருந்தது.

திருத்திய அறிக்கை மாரி மழையோடு வந்தது. வெளியை மூடும் எண்ணம் கைவிடப்பட்டது. வடக்குப் பக்கத்தில் ஒரு துண்டை மட்டும் ஒரு வருஷத்துக்கு அடைத்துவைப்பது என்றும், மதகைத் திறப்பது என்றும் முடிவானது. பண்ணைக்காரருக்கு மூன்று கடிதம் போனது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, ஒருநாள் காலையில் யாரோ வந்து பாதி மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதி அப்படியே கிடந்தது. தண்ணீர் மெதுவாக வடியத் தொடங்கியது. மண்ணில் ஏறிய உப்பு கழுவப்பட மூன்று நாலு மாரி வேண்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார்.

நிறுவனம் படிவத்தையும் திருத்தியது. குறிப்பு இப்போது அவர்களுக்குப் போகும். ஆனால் எழுத முடியாது. தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். உவர், வெள்ளம், தீ, வேறு. ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். அக்கீலா பெரும்பாலும் ‘வேறு’ என்பதைத் தொட்டுவிட்டு, விபரத்தை றொமேஷுக்குக் குரலில் அனுப்புவாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் படத்தைத் திறப்பதாகச் சொன்னான். அவள் அதை நம்பினாள். நம்பாமலிருக்கக் காரணமில்லை.

தையில் ஒருநாள் தெற்குப் பக்கத்தில் அவள் சட்டத்தை வைத்துக்கொண்டிருந்தபோது உசனார் வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் கிட்ட வந்தது அன்றைக்குத்தான். சலாம் சொன்னார். அவள் பதில் சொன்னாள். அவர் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாட்டை வித்தது என்ட அவசரம்,” என்றார் கடைசியில். “அத உனக்குச் சொல்லோணும் எண்டிருந்தன்.”

“நான் கூட்டத்துலயே சொல்லியிருக்கோணும் மாமா. சொல்லல்ல.”

“ஏன் சொல்லல்ல?”

அக்கீலா யோசித்தாள். “களைச்சுப் போய்ட்டன்,” என்றாள்.

அவர் அதை ஏற்றுக்கொண்டவர் போலத் தலையாட்டினார். பிறகு குடை நுனியால் மதகுப் பக்கம் காட்டினார். அவள் கையை ஊன்றி எழும்பி அவர் பின்னால் போனாள். தண்ணீர் வடிந்த ஓரத்தில், ஒரு பாய் அளவுக்கு, மயிர் போல அறுகு தலைகாட்டியிருந்தது.

“இது உங்கட படத்துல வருமா?”

“இப்ப வராது. பத்து மீற்றர் அகலமாவது வந்தாத்தான் அதுக்குத் தெரியும்.”

“மாடு வந்தா ஒரே வாய்தான்.”

“ஓம்.”

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அவளுக்குக் குறித்துத் தந்த இடங்களில் ஒன்று அல்ல. வெட்டவோ எண்ணவோ தேவையில்லை. உசனார் உலர்ந்த முட்கொப்பு இரண்டை இழுத்து வந்து அதைச் சுற்றிப் போட்டார். காற்று வந்தால் நிற்காது என்று இருவருக்கும் தெரியும். அக்கீலா மூன்றாவது கொப்பைப் பிடித்துக் கொடுத்தாள். பிறகு சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஐந்து இடம் மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வடக்கே நடந்தாள்.